கிராபிக்ஸ், கன்சோல், சினிமா: கேட்டதும் சொன்னதும்

கேம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன், நாற்பது கேள்வி வந்து விழுந்திருக்கிறது. அதில் பாதி ஒரே கேள்வி: டிவியில் மாட்டி விளையாடுகிற பிஎஸ்5 கன்சோல் வாங்கலாமா, பிசி வாங்கலாமா. என் தகுதி இவ்வளவுதான்: மதுரை சிம்மக்கல் பக்கம் வீடு, மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை, இருபது வருடப் பழக்கம். எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு தருவதில்லை, தந்தால் வாங்கிக்கொள்வேன், அது வேறு விஷயம்.

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, ரே டிரேசிங் ஆன் பண்ணினால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் என்கிற கணக்கு) மட்டும் பாதியாகிவிடுகிறது. கண்ணில் கோளாறா?

கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. தண்ணீர் நிறைந்திருக்கும் நாளாகப் பார்த்து வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போ. நடு மண்டபம் தண்ணீரில் தெரியும். தலையைக் குனிந்து தண்ணீரை மட்டும் பார், மண்டபம் உன் பார்வையை விட்டுப் போய்விடும், தண்ணீரில் இருக்கும் மண்டபம் போகாது. பழைய முறையில் கேம்களில் இது நடக்காது. அந்த நொடியில் திரையில் எது தெரிகிறதோ அதைத்தான் தலைகீழாகத் தண்ணீரில் ஒட்டுவார்கள், அதனால் கேமராவைக் கீழே இறக்கி மண்டபம் திரையை விட்டு வெளியேறியதும் தண்ணீரில் இருந்ததும் மாயமாகிவிடும். ரே டிரேசிங் வெளிச்சம் எதில் பட்டு எங்கே போகிறது என்று ஒவ்வொரு கதிராகக் கணக்குப் போடுகிறது, அதனால் திரைக்கு வெளியே இருப்பதும் தண்ணீரில் விழும்.

இன்னொரு இடம் நாயக்கர் மகால். முற்றத்தில் வெயில் அடிக்கும் நேரத்தில் தூண்களுக்குப் பின்னால் நின்று வளைவின் அடிப்பக்கத்தைப் பார். அங்கே வெயில் நேராகப் படவே படாது, ஆனாலும் லேசாக மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், தரையில் அடித்த வெயில் எம்பி மேலே ஏறியிருக்கிறது. இந்த எம்பி வரும் வெளிச்சம்தான் கம்ப்யூட்டரின் முதுகை ஒடிக்கிற கணக்கு. முன்பெல்லாம் கேம் செய்கிறவர்களே மாதக்கணக்கில் இதைக் கணக்குப் போட்டு, பெயிண்ட் அடிப்பதுபோல் சுவரிலேயே பூசி அனுப்பிவிடுவார்கள். சூரியன் நகராத கேமுக்கு அது இன்றைக்கும் போதும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று பொழுது மாறுகிற கேமில்தான் பூசியது பல்லிளிக்கும். 2018ல் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கிராபிக்ஸ் கார்டு இந்தக் கணக்குக்கென்றே தனிப் பகுதி வைத்து வந்தது, அதற்குப் பிறகுதான் இது வீட்டுக்குள் நுழைந்தது. உன்னிடம் நடுத்தர கார்டு என்றால் கூச்சப்படாமல் ரே டிரேசிங்கை அணைத்துவிடு.

கே.கே.நகரிலிருந்து: சினிமாவே 24 ஃபிரேம்தானே ப்ரோ, கேமுக்கு 30 போதாதா?

சினிமாவைக் கண்ணால் மட்டும் பார்க்கிறோம், கேமில் கையும் சேர்ந்து பார்க்கிறது. 30 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிசெகண்ட், 60 என்றால் 17க்குக் கொஞ்சம் குறைவு. பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதித்ததற்கும் நடுவில் அந்த இடைவெளி உட்கார்ந்துகொள்ளும், கை அதைக் கண்டுபிடித்துவிடும். சினிமா கேமராவில் அசைவு கொஞ்சம் இழுபட்டுப் பதிவாவதால் 24ம் வழுக்கிக்கொண்டு போகும், கேமில் ஒவ்வொரு ஃபிரேமும் வெட்டி ஒட்டிய படம்.

ஆனால் 40க்கும் 60க்கும் நடுவில் குதித்துக்கொண்டே இருப்பதற்கு அசையாத 30 எவ்வளவோ மேல். மாட்டுத்தாவணி டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்கள்தானே, வேகம் யாரையும் தள்ளிவிடுவதில்லை, பிரேக்கைப் போட்டுப் போட்டு எடுப்பதுதான் தள்ளிவிடும். அப்புறம் 4கே, அதாவது திரையில் எத்தனை புள்ளி என்கிற கணக்கு. 1080பியில் கிட்டத்தட்ட 21 லட்சம் பிக்சல் (புள்ளி), 4கேயில் 83 லட்சம், நாலு மடங்கு வேலை. 24 இஞ்ச் மானிட்டருக்கு இது தேவையே இல்லை.

அண்ணா நகரிலிருந்து ஒரு அம்மா: தம்பி, பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். காலேஜுக்குத்தான் என்று கேமிங் லேப்டாப் கேட்கிறான். கன்சோல் விலை குறைவாக இருக்கிறதே, அதை வாங்கித் தந்தால் என்ன?

அக்கா, "காலேஜுக்குத்தான்" என்பதில் பாதி உண்மை, அந்தப் பாதிக்காக அவனை மன்னிக்கலாம். கன்சோல் பெட்டி விலை குறைவு, கேம்கள் விலை அதிகம். அதிலும் காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் நண்பர்களோடு விளையாடத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். பிசியில் அந்தச் சந்தா கிடையாது, ஸ்டீம் என்கிற ஆன்லைன் கடையின் தள்ளுபடியில் பழைய நல்ல கேம்கள் ஒரு பிரியாணி விலைக்கே கிடைக்கும். மூன்று வருடக் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

நான் கேட்பது வேறு. அவன் அறை எது? என் முதல் லேப்டாப்பை ஒரு மே மாதத்தில், மேலே தளம் தகித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், மெத்தை மேல் வைத்து விளையாடினேன். காற்று இழுக்கும் ஓட்டை எல்லாம் அடியில் இருக்கிறது, மெத்தை அதை அப்படியே வாய்பொத்திவிட்டது. முதலில் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தியது, பிறகு கேம் திக்கித் திணறியது, நான் கேம் சரியில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தேன். கீபோர்டில் டபிள்யூ எழுத்து இருக்கும் இடத்தில் விரல் வைக்க முடியவில்லை. மூன்றாவது நாள் ஆன் ஆகவில்லை. மதர்போர்டு போச்சு என்று பெட்டியை அப்படியே திருப்பித் தந்தார்கள். சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும், திக்கித் திணறியது அதனால்தான் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அதனால் என்ன வாங்கித் தந்தாலும் ஒரு மேஜை வாங்கிக் கொடுங்கள். கன்சோல் என்றால் டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் நுழைக்க விடாதீர்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற தெரு என்றால் யூபிஎஸ்ஸும் சேர்த்து.

மேலூரிலிருந்து: செகண்ட் ஹேண்டில் கன்சோல் எடுக்கலாமாண்ணே?

எடுக்கலாம், அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள், யாரும் தொடாமலே கேமரா நகர்ந்தால் கட்டைவிரலால் தள்ளுகிற ஸ்டிக் போயிருக்கிறது. நான் ஒரு கடையில் பேரம் பேசிய பெருமையிலேயே வாங்கிவந்து, வீட்டில் கேமுக்குள் என் ஆள் தானாகவே சுவரைப் பார்த்து நடந்துபோவதைப் பார்த்தேன்.

உசிலம்பட்டியிலிருந்து: மொபைலில் விளையாடுகிறவன் கேமரே இல்லை என்கிறார்கள்.

யார் சொன்னது? பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், 2021ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022ல் மறுபடி எடுத்துவிட்டார்கள், 2023ல் திரும்ப வந்தது. அத்தனை தடவையும் ஊர் டீக்கடைத் திண்ணையில் ஒரே ஹாட்ஸ்பாட்டில் நாலு பேர் காத்திருந்து ஏறினார்கள். கூட்டாளிகள் எங்கே இருக்கிறார்களோ அதுதான் நல்ல பிளாட்ஃபார்ம். கேமில் வருகிற துப்பாக்கிக்குக் காசு கொடுத்துப் பெயிண்ட் அடிக்க அப்பாவின் பேங்க் கார்டைத் தொடாமல் இருந்தால் சரி.

பழங்காநத்தத்திலிருந்து: கேமைப் படமாக எடுத்தால் ஏன் எப்போதும் சொதப்புகிறது? லாஸ்ட் ஆஃப் அஸ் மட்டும் எப்படித் தப்பித்தது?

"எப்போதும்" என்பது பழைய கதை பங்காளி. 1993ல் மேரியோ கேமை நிஜ ஆட்களை வைத்துப் படமாக எடுத்தார்கள், அந்தக் கலகலப்பான காளான் உலகத்தை இருட்டுச் சந்தாக மாற்றியிருந்தார்கள், படுத்துவிட்டது. 2023ல் அனிமேஷனில் வந்தது, நூறு கோடி டாலரைத் தாண்டியது. கதை இரண்டிலும் ஒரு பிடி உப்பு அளவுதான். பின்னதில் கேசட்டை ஊதிச் சொருகி விளையாடிய காலத்து நிறமும் துள்ளலும் அப்படியே இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

லாஸ்ட் ஆஃப் அஸ் 2013ல் வந்த கேம், 2023ல் எச்பிஓ தொடர். கேமை எழுதிய நீல் டிரக்மேனே தொடரிலும் கூட இருந்தார், ஆனால் அவர் கூட இருந்தது முழுக் காரணம் இல்லை. கேமில் பில் என்றொரு ஆள் வருவான், அவனுடைய துணை ஃபிராங்கை நாம் பிணமாகத்தான் பார்ப்போம், கூடவே கசப்பான ஒரு கடிதம். தொடரின் மூன்றாவது எபிசோடில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்த வருடங்களே கிட்டத்தட்ட மொத்தக் கதையும், துப்பாக்கிச் சண்டை கொஞ்சம்தான். கையால் செய்தால்தான் சுகம் என்கிற பகுதியைத் தயங்காமல் வெட்டியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் நாம் ஒளிந்து ஒளிந்து சுட்டதை இன்னொருவன் சுடப் பார்த்துக்கொண்டிருப்பது, அடுத்தவன் பரோட்டா சாப்பிடுவதைப் பார்க்கிற மாதிரிதான். 2024 ஃபால்அவுட் தொடர் இன்னும் சாமர்த்தியம், அந்தப் பெயர் கேமின் உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புது ஆட்களை உள்ளே விட்டது. மாறாக, 2016 அசாசின்ஸ் கிரீட் படத்தில் பழைய ஸ்பெயினைப் பார்க்கப் போனவர்களை இன்றைய ஆய்வுக்கூடத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

வில்லாபுரத்திலிருந்து: மதுரையை வைத்து, ஊர் முழுக்கச் சுற்றித் திரிகிற ஜிடிஏ மாதிரி ஒரு கேம் வந்தால் எப்படி இருக்கும்?

வந்தால் நல்லதுதான், ஆனால் ஜிடிஏ வேண்டாம், அந்த அளவு ஆளுக்கும் காசுக்கும் எங்கே போவது. 2020ல் புனேக்காரர்கள் செய்த ராஜி சின்ன கேம், நம் ஓவிய பாணியை நம்பி இறங்கினார்கள், பார்க்க இன்றைக்கும் பழசாகவில்லை. நிஜம் மாதிரி செய்யப் போகிற கேம்தான் ஐந்து வருடத்தில் கிழடு தட்டும்.

எனக்கு ஆசை என்னவென்றால், கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று பெட்டிக்குள் பெட்டியாக இருக்கிறதே, அதுவே ஒரு முழு மேப். கேம் செய்கிறவர்கள் ஆட்டக்காரன் தொலைந்துபோகாமல் இருக்க உயரமாக ஏதாவது ஒன்றைத் தூரத்தில் நட்டுவைப்பார்கள். நமக்கு நாலு பக்கமும் நட்டே வைத்திருக்கிறார்கள், அதிலும் தெற்குக் கோபுரம்தான் உயரம். திரை மூலையில் வருகிற மினி மேப்பே வேண்டாம், ஆள் சந்துக்குள் ஓடுவான், மேலே பார்ப்பான், வழி தெரிந்துவிடும். அவன் கையில் ஜிகர்தண்டா கொடுத்து, சிந்தாமல் மாசி வீதி முழுக்கச் சுற்றிவரச் சொன்னால் அதுதான் முதல் லெவல்.

மீதிக் கேள்விகளுக்கு அடுத்த வாரம். பிஎஸ்5ஆ பிசியா என்று இனிமேல் கேட்கிறவர்கள், அறைக்கு மேலே மொட்டை மாடியா இன்னொரு மாடியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.