பையன் ஆறாவது, பொண்ணு ஒன்னாவது: பிரைவேட்ல இருந்து கவர்மென்ட் பக்கம் மாறணும்னா எந்தப் பள்ளியில சேக்கிறது?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான் சிஸ்டர்: சேலம் டவுனை ஒட்டி இருக்கீங்க, பையன் மெட்ரிக் ஸ்கூல்ல அஞ்சாவது முடிக்கிறான், பொண்ணுக்கு அஞ்சரை வயசு, ஜூன்ல ஒன்னாவது போகணும், ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்டி மாளல, அதனால கவர்மென்ட் பக்கம் போகலாம்னு இருக்கீங்க, ஆனா ஆர்டிஇ-யா (கல்வி உரிமைச் சட்டத்துல பிரைவேட் ஸ்கூல்ல கிடைக்கிற இலவச சீட்), எய்டட் ஸ்கூலா (தனியார் நடத்தி, அரசு உதவி வாங்கற ஸ்கூல்), கேந்திரிய வித்யாலயாவா, பக்கத்துல இருக்கிற சின்ன ஸ்கூலான்னு குழப்பம். என்னோட ரெண்டு பிள்ளைங்களும் அரசுப் பள்ளிதான், ஊர் நடுநிலைப் பள்ளியோட மேலாண்மைக் குழுவுலயும் இருக்கேன், இந்தக் கேள்வியோட வர்ற அம்மாக்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

முதல்ல பையன் விஷயம், ஏன்னா அதுலதான் அவசரம் இருக்கு. நம்ம ஊர்ல எல்லாரும் "கவர்மென்ட் ஸ்கூல், எய்டட் ஸ்கூல் எல்லாம் ஒன்னுதான், சம்பளம் கவர்மென்ட்தானே குடுக்குது"ன்னு சொல்வாங்க. சம்பளம் அப்படித்தான், ஆனா உங்க பையனுக்கு அது ஒன்னு இல்ல. 2020-ல வந்த சட்டப்படி எம்பிபிஎஸ், பிடிஎஸ் சீட்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு மட்டும்தான். அடுத்த வருஷம், 2021-ல, இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, மீன்வளம், லா எல்லாத்துக்கும் அதே 7.5 வந்துச்சு, அதுல சேர்றவங்களோட படிப்புச் செலவையும் அரசே ஏத்துக்குது. இதுக்கெல்லாம் முக்கியக் கண்டிஷன், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும் (ஆர்டிஇ சீட்ல பிரைவேட்ல எட்டு வரை படிச்சுட்டு, ஒன்பதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மட்டும் விலக்கு). நடுவுல ஒரு வருஷம் வேற எங்கயாவது போயிட்டு வந்தாலும் போச்சு. அரசுப் பள்ளின்னா கல்வித்துறை பள்ளி மட்டும் இல்ல, மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் பள்ளி, மதுரை தேனி பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாமே இதுல வரும். எய்டட் வராது. எய்டட் பிள்ளைங்களையும் சேக்கணும்னு கேஸ் போட்டாங்க, 2022-ல சென்னை உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லி அந்தக் கோரிக்கையை ஏத்துக்கல. கேந்திரிய வித்யாலயாவும் வராது, அது மத்திய அரசுப் பள்ளி.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, அப்பா லாரியில கிளீனர், எய்டட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரை படிச்சா, ரொம்ப நல்ல ஸ்கூல், டீச்சர்ஸும் அக்கறையா சொல்லிக்குடுத்தாங்க, நீட்ல 7.5-ல இருந்திருந்தா கண்டிப்பா சீட் கிடைச்சிருக்கும்ங்கிற மாதிரி மார்க். கவுன்சிலிங் அப்ளிகேஷன்ல ஆறு, ஏழு, எட்டுன்னு ஒவ்வொரு வகுப்புக்கும் எந்த ஸ்கூல், அது அரசுப் பள்ளியான்னு கேக்கும்போதுதான் அந்த வீட்டுக்கே விஷயம் தெரிஞ்சுது. அவங்க அம்மா என்கிட்ட வந்து "அங்கயும் ஃபீஸ் இல்லையேக்கா, அப்ப அதுவும் கவர்மென்ட்தானே"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. என்னால பதில் சொல்லவே முடியல. அதனாலதான் இதை இவ்ளோ நீளமா எழுதறேன். டாக்டர், இன்ஜினியர்தான் ஆகணும்னு நான் சொல்ல வரல, பத்து வயசுல யாருக்கும் தெரியாது அவன் என்ன ஆவான்னு, தெரியாததாலதான் அந்தக் கதவை இப்பவே மூடிடாதீங்கன்னு சொல்றேன். உங்க பையன் சரியா ஆறாவதுக்கு முன்னாடி நிக்கிறான். இந்த வருஷம் மாத்தினா முழு தகுதியும் அவனுக்கு உண்டு, "ஒரு வருஷம் பாப்போம், ஏழாவதுக்கு மாத்திக்கலாம்"னு விட்டா அந்த ஏழு வருஷக் கணக்கு உடைஞ்சிரும்.

எய்டட்டை நான் கொறை சொல்லவே இல்ல, நூறு வருஷத்துக்கு மேல பழைய ஸ்கூல்லாம் இருக்கு, லேப், கிரவுண்ட், ஒழுங்கு எல்லாம் அருமையா இருக்கும். காலேஜ் போனதும் மாசம் 1,000 ரூபா தர்ற திட்டத்துல கூட, பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், எய்டட்ல தமிழ் மீடியம் படிச்சவங்களையும் இப்ப சேத்துக்கிட்டாங்க. எட்டாவதுல எழுதற என்எம்எம்எஸ்ங்கிற ஸ்காலர்ஷிப் பரீட்சையும், பாஸ் பண்ணி லிஸ்ட்ல வந்தா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபா, எய்டட் பிள்ளைங்க எழுதலாம். ஆனா ஒன்னு கவனிங்க, நிறைய எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம்தான் எய்டட், இங்கிலீஷ் மீடியம் செக்ஷன் சுயநிதி. ஒரே கேட், ஒரே யூனிஃபார்ம், ஆனா அந்த செக்ஷனுக்கு ஃபீஸ் உண்டு, அரசு உதவி கிடையாது. அதனால உள்ள போனதும் "இந்த செக்ஷன் எய்டடா சுயநிதியா"ன்னு நேரடியா கேட்டுருங்க.

சரி, ஆறாவதுக்கு எந்த அரசுப் பள்ளி? ஊர்ல இருக்கிற நடுநிலைப் பள்ளி எட்டு வரைக்கும், உயர்நிலைப் பள்ளி பத்து வரைக்கும், மேல்நிலைப் பள்ளி பன்னெண்டு வரைக்கும். நான் மேல்நிலைப் பள்ளியைத்தான் சொல்வேன், அலைச்சல் ரெண்டு மூணு கிலோமீட்டர் கூட ஆனாலும் பரவாயில்ல, பஸ் பாஸ் ஃப்ரீதான். சேர்க்கிறதுக்கு முன்னாடி பிளஸ் ஒன்ல என்னென்ன குரூப் இருக்குன்னு கேளுங்க, ஆறாவதுக்கு எதுக்கு பிளஸ் ஒன் குரூப்னு தோணும், ஆனா பயாலஜி குரூப்புக்கு, மேத்ஸுக்கு பிஜி டீச்சர் (முதுகலை ஆசிரியர்) இருக்காங்களா, இடம் காலியா கிடக்குதாங்கிறது அந்த ஸ்கூலோட நெலமையை அப்படியே காட்டும். மாவட்டத்துக்கு ஒரு மாதிரிப் பள்ளி இருக்கு, 38 மாவட்டத்துலயும், ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரை தங்கிப் படிக்கிறது, அரசுப் பள்ளி பிள்ளைங்கள்ல இருந்துதான் எடுப்பாங்க, அது பின்னாடி யோசிக்க வேண்டியது, இப்ப மனசுல வெச்சுக்கோங்க போதும்.

பாடம் கஷ்டமா இருக்குமோன்னு பயப்படாதீங்க, 2011-ல சமச்சீர் கல்வி முழுசா வந்ததுல இருந்து மெட்ரிக்குக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே சிலபஸ்தான். இங்கிலீஷ் மீடியம் செக்ஷனும் நெறைய அரசுப் பள்ளியில 2012-ல இருந்து இருக்கு, உங்க பையன் அதுலயே தொடரலாம்.

டிசி-தான் பலருக்கும் சிக்கல். ஃபீஸ் பாக்கி இருக்குன்னு சில பிரைவேட் ஸ்கூல்ல டிசி-யைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க, அதைவிட முக்கியமா எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவுல, பையனோட பேரை காமன் பூலுக்கு விடாம இழுத்தடிப்பாங்க, அங்க விட்டாத்தான் புது ஸ்கூல் ஹெச்எம் அவனைத் தன் லிஸ்ட்ல எடுக்க முடியும். சட்டம் உங்க பக்கம் இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் 5-வது பிரிவு, வேற ஸ்கூலுக்கு மாறக் கேட்டா டிசி உடனே குடுக்கணும்னு சொல்லுது, டிசி வர லேட் ஆகுதுங்கிறதுக்காக புது ஸ்கூல் சேர்க்க மறுக்கவும் கூடாது. 2024 ஜூலையில சென்னை உயர்நீதிமன்றமும் ஃபீஸ் பாக்கின்னு டிசி-ல எழுதக்கூடாது, டிசி-யைக் கேட்டு பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அதனால நீங்க மொதல்ல புது ஸ்கூல் ஹெச்எம்-ஐப் பாருங்க, அட்மிஷனைப் போட்டுட்டு அவங்க வழியாவே எமிஸ் விஷயத்தைக் கேளுங்க, அப்பவும் நடக்கலைன்னா மாவட்டக் கல்வி அலுவலகத்துல ஒரு பக்க மனு எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கிக்கோங்க. வாய்ல சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, பேப்பர்ல இருக்கணும்.

இப்ப பொண்ணு. ஆர்டிஇ 25 சதவீதம், அதாவது பிரைவேட் ஸ்கூல்ல இலவச சீட், அது நுழைவு வகுப்புக்கு மட்டும்தான், எல்கேஜி-ல ஆரம்பிக்கிற ஸ்கூல்னா எல்கேஜி-க்குத்தான். உங்க பொண்ணு ஒன்னாவது போறதால ஒன்னாவதுல ஆரம்பிக்கிற பிரைவேட் ஸ்கூல் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்தாத்தான் வாய்ப்பு, அது அநேகமா இருக்காது. சிறுபான்மை ஸ்கூலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. 2025-ல மத்திய அரசு நிதி வராத பிரச்சினையில ஏப்ரல், மே-ல நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரைக்கும் தள்ளிப் போச்சு, அப்ளிகேஷன் திறக்கும் திறக்கும்னு காத்திருந்த வீடுங்க எனக்குத் தெரியும். சீட் கிடைச்சாலும் வேன், யூனிஃபார்ம், அது இதுன்னு நிறைய இடத்துல காசு வாங்கத்தான் செய்யறாங்க. கேந்திரிய வித்யாலயாவுல ஒன்னாவதுக்கு மார்ச் 31-ல 6 வயசு முடிஞ்சிருக்கணும், உங்க பொண்ணுக்கு முடியல, தமிழ்நாட்டு ஸ்கூல்ல ஜூலை 31-ல 5 முடிஞ்சா போதும். அப்படியே வயசு இருந்தாலும் அங்க முதல் முன்னுரிமை மத்திய அரசு ஊழியர் பிள்ளைங்களுக்கு, எம்பி கோட்டாவையும் 2022-ல எடுத்துட்டாங்க. அதனால இந்த ரெண்டையும் விட்டுருங்க.

பொண்ணுக்கு நீங்க தேர்ந்தெடுக்க வேண்டியது எந்த அரசு ஆரம்பப் பள்ளிங்கிறதுதான், அதுல பாக்க வேண்டியது டீச்சர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்துல அட்டவணையே இருக்கு, 60 பிள்ளைங்க வரை ரெண்டு டீச்சர், 61-ல இருந்து 90 வரை மூணு, 120 வரை நாலு. அப்படின்னா 35 பிள்ளைங்க படிக்கிற தொடக்கப் பள்ளியில அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர், அதுல ஒருத்தர் ஹெச்எம். நான் அப்படி ஒரு ஸ்கூல்ல உக்காந்து பார்த்திருக்கேன். ஒரே ஹால், நடுவுல பீரோவைத் தள்ளி மறைப்பு, இந்தப் பக்கம் போர்டுல நாலாவது பசங்களுக்கு வகுத்தல் கணக்கு எழுதிப் போட்டுட்டு அந்த டீச்சர் அப்படியே திரும்பி அஞ்சாவதுக்கு சோசியல் எடுக்கறாங்க, ஹெச்எம் ஒன்னு, ரெண்டு, மூணு வகுப்பைச் சேத்து உக்கார வெச்சு கையில போனோட எமிஸ் வருகைப் பதிவு ஏறலைன்னு தவிச்சிட்டு இருக்காங்க, அன்னைக்கு ரெண்டுல ஒருத்தர் மீட்டிங் போயிட்டா ஸ்கூலே ஒருத்தர் கையில. அந்த டீச்சருங்க உழைப்பை நான் கையெடுத்துக் கும்பிடறேன், ஆனா அவங்களால எத்தனை பக்கம்தான் திரும்ப முடியும்?

இதுல கஷ்டமான விஷயம் என்னன்னா, நம்ம பிள்ளையை நாம வேற ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகப் போக அந்த சின்ன ஸ்கூல்ல எண்ணிக்கை இன்னும் கொறையும், டீச்சர் போஸ்ட்டும் போகும். எனக்கு அது மனசுல உறுத்துது. எங்க பக்கத்து ஊர்ல அஞ்சாறு அம்மாக்கள் சேந்து பேசி ஒரே வருஷத்துல எல்லா பிள்ளைங்களையும் ஊர் ஸ்கூல்லயே சேத்தாங்க, எண்ணிக்கை கூடி இன்னொரு டீச்சர் கிடைச்சாங்க. உங்க தெருவுல இதே நெலமையில நாலு வீடு இருந்தா முதல்ல அவங்ககிட்ட பேசிப் பாருங்க. அது முடியலைன்னா எட்டு வரை இருக்கிற நடுநிலைப் பள்ளி பெட்டர், அங்க டீச்சர் எண்ணிக்கை கூட இருக்கும், ஆறாவதுக்கு திரும்ப அலைய வேண்டாம், ஏழு வருஷக் கணக்கும் அங்கயே ஆரம்பிச்சிரும். நாள் பார்த்து காலையில எட்டு எட்டேகாலுக்குப் போங்க, காலை உணவு நேரம், ஒன்னுல இருந்து அஞ்சு வரை பிள்ளைங்க உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோட உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பாங்க, 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு அடுத்த வருஷமே எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்த திட்டம். அந்த நேரத்துல தட்டு கழுவற இடம், பாத்ரூம், தண்ணி, டீச்சர் பிள்ளைங்ககிட்ட பேசற தொனி எல்லாமே தெரிஞ்சிரும். பாத்ரூமுக்குள்ள போய்ப் பாருங்க, தாழ்ப்பாள் இருக்கா, தண்ணி வருதா. பெண் பிள்ளையை அனுப்பறோம், அதைக் கேக்க கூச்சப்படக் கூடாது. மூணாவது பிள்ளை ஒன்னைக் கூப்ட்டு தமிழ்ப் புத்தகத்துல ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க, சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் பழக்கற எண்ணும் எழுத்தும் திட்டம் அங்க ஒழுங்கா நடக்குதா இல்ல சார்ட்டா சுவத்துல தொங்குதான்னு அதுலயே புரியும்.

மீடியம் பத்தி ஒன்னு, பொண்ணை தமிழ் மீடியம் போடறதா இங்கிலீஷ் மீடியமான்னு யோசிப்பீங்க. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமை இருக்கு, 2010 சட்டம், இப்ப டிஎன்பிஎஸ்சி-ல ஒன்னாவதுல இருந்தே தமிழ் வழியில படிச்சதுக்கு சான்று கேக்கறாங்க. இப்ப போடற டிக் அதுவரைக்கும் போகும். என் பொண்ணு தமிழ் மீடியம், வீட்ல இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாங்கிக் குடுப்போம், எனக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு. வீட்ல யாரும் இங்கிலீஷ்ல உதவ முடியாதுன்னா இங்கிலீஷ் மீடியத்துல ஒன்னாவது பிள்ளை மனப்பாடம்தான் பண்ணும், புரிஞ்சு படிக்காது.

அரசுப் பள்ளியில சேர்க்கை பெரும்பாலும் மார்ச்லயே ஆரம்பிச்சிடுது, ஜூன் வரை காத்திருக்காதீங்க. பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று இருந்தா எடுத்துட்டுப் போங்க, ஏதாவது ஒன்னு இல்லைன்னாலும் சேர்க்கையை மறுக்க முடியாது, பின்னாடி குடுக்கலாம். பையனோட ஆறாவதை முதல்ல முடிச்சிருங்க. பொண்ணுக்கு ரெண்டு மூணு ஸ்கூலை மேல சொன்ன மாதிரி நேர்ல பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, அங்க மேலாண்மைக் குழுத் தலைவர் ஒரு அம்மாவாத்தான் இருப்பாங்க, அவங்க நம்பரை ஹெச்எம்கிட்ட கேட்டு வாங்கி ஒரு போன் பண்ணுங்க, இந்த வருஷம் எந்த டீச்சர் டிரான்ஸ்ஃபர்ல போறாங்க, எந்த வகுப்புக்கு ஆள் இல்லங்கிறதெல்லாம் ஹெச்எம்-ஐ விட அவங்க மனசுவிட்டுச் சொல்வாங்க.