பேஸ்மென்ட் வாடகை: ஒன்ராறியோ வீட்டுக்காரர்களின் கேள்விகள்

ஒரு வருட ஒப்பந்தம் ஆகஸ்ட் 31இல் முடிகிறது. தம்பி குடும்பம் வந்து இருக்கப்போகிறது. பேஸ்மென்டில் இருப்பவர்களை அன்றைக்கே எழும்பச் சொல்லலாமா? (மார்க்கம் வாசகர்)

முடியாது. 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அது தானாகவே மாதாமாத வாடகையாகத் தொடரும். நீங்கள் குடியிருக்க வேண்டுமென்றால் என்12 படிவத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். நீங்கள், உங்கள் துணை, இருவரின் பெற்றோர், பிள்ளைகள், இவர்களைப் பராமரிக்க வருபவர்: இவர்கள் குடிவருவதற்கு மட்டும்தான் அந்த நோட்டீஸ் செல்லுபடியாகும். தம்பி இந்தப் பட்டியலில் இல்லை. நம் குடும்பங்களில் அதிகம் தவறுவது இங்கேதான்.

அம்மா அப்பா வருகிறார்கள் என்றால் வழி உண்டு. குறைந்தது 60 நாள் அவகாசம் வேண்டும். நோட்டீஸில் எழுதும் வெளியேறும் திகதியும் வாடகை மாதத்தின் கடைசி நாளாகத்தான் இருக்க வேண்டும். ஜூலை 10இல் நோட்டீஸ் கொடுத்தால் 60 நாள் செப்டம்பர் 8இல் வரும், ஆகவே நீங்கள் எழுத வேண்டிய திகதி செப்டம்பர் 30. ஆகஸ்ட் 31 என்று எழுதினால் நோட்டீஸ் செல்லாது. 60 நாள் நோட்டீஸுக்கு ஒரு மாத வாடகையை இழப்பீடாகவும் கொடுக்க வேண்டும். வருபவர் ஒரு வருடமாவது அங்கே வசிக்கும் உண்மையான எண்ணம் இருக்க வேண்டும். ஆளை எழுப்பிவிட்டுக் கூடிய வாடகைக்கு வேறொருவரை வைத்தால், பழைய குடியிருப்பாளருக்கு 12 மாத வாடகை வரை கட்ட நேரலாம். தயவுசெய்து அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

முன்பணமாக இரண்டு மாதமும், சேதத்துக்கென்று 500 டொலரும் வாங்கலாமா?

கடைசி மாத வாடகை ஒன்று மட்டும் வாங்கலாம். அதற்கும் ஆண்டுதோறும் வட்டி கொடுக்க வேண்டும். சேதத்துக்கென்று வைப்புப் பணம் வாங்குவது சட்டவிரோதம். உங்கள் உண்மையான பாதுகாப்பு சாவி கொடுக்கும் முன்பே இருக்கிறது: வருமானச் சான்று, கிரெடிட் அறிக்கை, முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு. அப்புறம், அரச உதவிப் பணத்தில் வாழ்கிறார், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மறுக்கக் கூடாது. அது மனித உரிமைச் சட்ட மீறல்.

நாய் வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறேன்...

அந்த வரி செல்லாது. கொண்டோ என்றால் அதன் சொந்த விதிகளில் தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாதமாக வாடகை வரவில்லை. பூட்டை மாற்றலாமா? (ஸ்காபரோ வாசகி)

வேண்டாம் அக்கா. பூட்டையும் தொடாதீர்கள், மின்சாரத்தையும் ஹீட்டரையும் நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள்தான் எதிர்த்தரப்பாக நிற்பீர்கள். வாடகை தவறிய மறுநாளே என்4 (வாடகைப் பாக்கிக்கான நோட்டீஸ்) கொடுக்கலாம். அவகாசத்துக்குள் பணம் வராவிட்டால், வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் வீட்டுக்காரர்-குடியிருப்பாளர் சபைக்கு (LTB) விண்ணப்பம். தொகையிலோ திகதியிலோ பிழை இருந்தால் எல்லாம் திரும்பத் தொடங்க வேண்டும், அதனால் வாடகை வந்த ஒவ்வொரு மாதத்தையும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். சபை உத்தரவு கிடைத்த பிறகும் ஆளை வெளியேற்றுவது நீதிமன்ற அமலாக்க அதிகாரியான ஷெரிஃப் மட்டுமே. விசாரணை இழுபடும் என்பது உண்மை. ‘பாவம், அடுத்த மாதம் தருவார்’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த இழுபறியில் கூடும். இரக்கப்படுங்கள், தவணை கொடுங்கள். நோட்டீஸையும் கொடுத்து வையுங்கள்.

வாடகை 1,800 டொலர். எவ்வளவு கூட்டலாம்?

2026க்கான உச்சவரம்பு 2.1 சதவீதம், அதாவது 37 டொலர் 80 சதம். 12 மாதத்துக்கு ஒருமுறைதான், 90 நாள் முன்னதாக எழுத்தில் கொடுத்து. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய புது வீடுகளுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. 90 நாள் நோட்டீஸ் அவற்றுக்கும் உண்டு.

ஒரே சமையலறையைத்தான் நாங்களும் பாவிக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

நீங்கள் அதே வீட்டில் வசித்து, குளியலறையையோ சமையலறையையோ அவர் உங்களோடு பகிர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. கீழே தனிச் சமையலறையும் குளியலறையும் இருந்தால் பொருந்தும். நகரசபை அனுமதி இல்லாத பேஸ்மென்ட் என்றாலும் அதே கதைதான்.