மாத்திரைக்கு வலி இருக்கும் இடம் தெரியுமா?

மருந்து உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. "எனக்கு எந்த மாத்திரை நல்லது?" என்ற கேள்விகளை விட்டுவிட்டேன், அது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் வேலை.

கேள்வி: வலி முழங்காலில், மாத்திரை போவதோ வயிற்றுக்கு. முழங்காலை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது மேடம்?

கண்டுபிடிப்பதே இல்லை. ரத்தத்தில் கலந்து காது மடல் வரை எல்லா இடத்துக்கும் போகிறது. வீங்கிய இடத்தில் உள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை நிறையச் சுரக்கும். லேசாகத் தொட்டாலே நரம்பு சுருக்கென்பது அதனால்தான். அதைத் தயாரிக்கும் நொதியின் பெயர் காக்ஸ். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாமே அந்த நொதியை முடக்குபவை. ஆஸ்பிரினின் இந்த வேலையை ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியலாளர் 1971இல்தான் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரினோ 1899இலிருந்தே விற்பனையில் இருந்தது!

கேள்வி: சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் வயிறு புண்ணாகிறதே?

இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சளிப்படலம் சுரப்பதற்கும் அதே புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். முழங்காலில் நின்றது இரைப்பையிலும் நிற்கும். ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம்.

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்த பிறகு தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின். இந்தக் குட்டி மாத்திரை 24 மணி நேரமும் ரத்தத்தில் தாங்குமா?

தாங்காது. இருபது நிமிடத்துக்குள் பாதி காலியாகிவிடும். ஆனால் போவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிடும். காக்ஸ் நொதியில் செரின் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பிரின் தன்னிடமுள்ள அசிட்டைல் தொகுதியைக் கழற்றி அதில் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. அந்த நொதி அதோடு முடிந்தது. மற்ற செல்கள் புது நொதியைத் தயாரித்துக்கொள்ளும். ரத்தத் தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் தயாரிக்க வழியில்லை. அது வாழும் 7 முதல் 10 நாளும், காக்ஸ் இல்லாததால், மற்ற தட்டணுக்களைக் கூப்பிட்டு ரத்தத்தை உறையவைக்கும் திராம்பாக்சேன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க முடியாமலே கழியும். தினமும் பத்தில் ஒரு பங்கு தட்டணு புதிதாக வருவதால்தான் தினமும் மாத்திரை. பல் பிடுங்கப் போகும்போது ஆஸ்பிரின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: அதே அப்பா மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபெனும் போடுகிறார். பரவாயில்லையா?

இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐபுப்ரோஃபென் நொதியோடு நிரந்தரமாக ஒட்டாது, சில மணி நேரம் இருந்துவிட்டு விலகிவிடும். ஆனால் அது முதலில் போனால், பேருந்து சீட்டில் துண்டு போட்ட கதைதான். பின்னால் வரும் ஆஸ்பிரினுக்கு செரினை நெருங்க இடம் கிடைக்காது. ஆஸ்பிரினோ கொஞ்ச நேரத்திலேயே சிதைந்து போய்விடும். ஐபுப்ரோஃபென் விலகியதும் தட்டணு பழையபடி வேலைக்கு வந்துவிடும். ஆஸ்பிரின் சாப்பிட்டும் பலன் இல்லை.

கேள்வி: வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோலை ஏன் வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள்?

அது இரைப்பையில் இருக்கும் அமிலத்தை நேரடியாகச் சரிசெய்வதில்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாகத் திரும்பி, அமிலம் சுரக்கும் செல்களுக்கு வருகிறது. அங்குள்ள அமிலம் பட்டால்தான் அதன் உருவம் மாறி, அமிலத்தை இரைப்பைக்குள் தள்ளும் புரோட்டான் பம்ப் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும்போதுதான் பம்புகள் மும்முரமாக ஓடும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதற்குத்தான் அரை மணி நேர முன்னேற்பாடு. நெஞ்செரிச்சல் வந்த பிறகு அவசரமாக விழுங்கி, "கேட்கவே இல்லை" என்று மருந்தைத் திட்டாதீர்கள்.

கேள்வி: அலர்ஜி மாத்திரைகளில் சில தூங்கவைக்கின்றன, சில இல்லை. ஏன்?

அலர்ஜியில் அரிப்பையும் தும்மலையும் கிளப்பும் வேதிப்பொருள் ஹிஸ்டமின். எல்லா மாத்திரைகளும் அது செல்லில் வந்து ஒட்டும் இடத்தை, அதாவது ஏற்பியை, அடைப்பவைதான். மூளையில் ஹிஸ்டமின் நம்மை விழிப்பாக வைக்கிறது. குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் எளிதாகப் புகும். புதிய மருந்தான ஃபெக்சோஃபெனடினை, ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த மூளைத் தடுப்பில் உள்ள பம்புகள் வெளியே தள்ளிவிடும். செட்டிரிசின் இரண்டுக்கும் நடுவில். சிலருக்குக் கண் சொருகும்.

கேள்வி: பாராசிட்டமால் சாதாரண மாத்திரைதானே?

அளவோடு சாப்பிடும்வரை. கல்லீரல் அதில் ஒரு சிறு பகுதியை நச்சுப்பொருளாக மாற்றும். கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனே செயலிழக்கச் செய்யும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்து, நச்சு கல்லீரல் புரதங்களிலேயே ஒட்டும். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.