மதியத்துக்கு மேல் புது மனு கிடையாதா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெண்கள் ஆலோசனை மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மதியம் ஒரு மணிக்கு மேல் புது மனு வாங்கக் கூடாது என்பது எங்கள் நடைமுறை. நடவு, களையெடுப்புக்குப் போகும் பெண்கள் கரையேறி வரவே இரண்டு மணி ஆகிவிடுகிறது. "நாளைக்குக் காலையில வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். பலர் மறுபடி வருவதில்லை. இதை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? எனக்கு ஒப்பந்த வேலை. மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். பேசாமல் கலெக்டருக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்பிவிடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: முதலில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அடிபட்டு, வீட்டுக்குத் திரும்பப் பயந்து வருகிற பெண்ணுக்கு நேரக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. உட்காரவைத்துக் கேளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மாவட்டத்தில் இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சேர்க்க வழி பாருங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். நடைமுறையை மாற்றுவதா வேண்டாமா என்ற யோசனை மற்ற மனுக்களுக்குத்தான்.

உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது. இந்த ஒரு மணிக் கணக்கை யார் போட்டது? நிதி தருபவர்களின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, இயக்குநர் உத்தரவா? என் ஊகம், இரண்டும் இல்லை. மதியம் ரெஜிஸ்டர் எழுத வேண்டும், மூத்த ஆலோசகர் நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ ஆரம்பித்து அப்படியே நின்றுபோன பழக்கமாக இருக்கும். பழைய கோப்பைப் புரட்டிப் பாருங்கள். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் உங்கள் வேலை பாதி குறைந்தது. நிறுவனத்தோடு மோத வேண்டியதில்லை, அந்த ஆலோசகரோடு டீ குடித்தால் போதும்.

அப்புறம், "பலர் வருவதில்லை" என்று சொன்னால் கூட்டத்தில் யாரும் அசைய மாட்டார்கள். ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், ஊர், மறுநாள் வந்தாரா இல்லையா என்று குறித்து வாருங்கள். பெயர் எழுதாதீர்கள். உங்கள் இயக்குநர் திருச்சியிலோ சென்னையிலோ உட்கார்ந்திருப்பவர் என்றால், பாசனத்துக்கு மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கிற வருஷமும் தள்ளிப்போகிற வருஷமும் இந்தப் பெண்களின் வயல் வேலைக்கு ஒன்றல்ல என்பதே அவருக்குப் புதிதாக இருக்கலாம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில், நாற்று நடாமல் நேரடியாக விதைப்பது அதிகம் என்பதால் நடவைவிடக் களையெடுப்பில்தான் கூட்டம் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த நோட்டு அதைச் சொல்லும்.

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை வகுப்பில் உளவியலாளர் கர்ட் லெவின் பெயரைச் சொல்லி, ஒரு மாற்றத்தைத் தள்ளுகிற சக்தி, தடுக்கிற சக்தி என்று போர்டில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். பரீட்சையோடு மறந்துபோகிற விஷயம், ஆனால் உபயோகமானது. தள்ளுவதைக் கூட்டுவதைவிடத் தடுப்பதைக் குறைப்பது பெரும்பாலும் சுலபம். உங்கள் கதையில் தடுப்பது அந்த நாலரை பஸ். மதிய மனுக்களை நானே பார்க்கிறேன், ரெஜிஸ்டரை மறுநாள் காலை எழுதிவிடுகிறேன் என்று நீங்கள் சொன்னால் அந்தத் தடை போயிற்று. அதைச் சொல்ல உங்களுக்கு நேரமும் தெம்பும் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது விதியை மாற்றுங்கள் என்று கேட்காதீர்கள். வேலை மும்முரமாக இருக்கும் இந்த இரண்டு மாதம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாலை வரை மனு வாங்கிப் பார்க்கலாம் என்று கேளுங்கள். சோதனை என்றால் இயக்குநருக்கும் சரி சொல்வது எளிது. மார்ச்சில் உங்கள் ஒப்பந்தம் மேசைக்கு வரும்போது அந்தக் கணக்கும் கூடவே இருக்கும்.

ஒருவேளை அந்த விதியைப் போட்டதே இயக்குநர்தான், எதிர்ப்பேச்சே பிடிக்காதவர், பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை, வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், இந்த வருஷம் கேட்க வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோட்டை மட்டும் விடாமல் எழுதுங்கள். திரும்பிப் போகிற பெண்ணிடம் எந்த நாள் வேலை இல்லை என்று கேட்டு, அந்தக் காலைக்கே நேரம் குறித்துக் கொடுங்கள். அதற்கு எந்த விதியும் குறுக்கே வராது.

கலெக்டருக்கு மொட்டைக் கடுதாசி வேண்டாம். உள்ளே ஒரு தடவைகூடக் கேட்காமல் வெளியே போனால் உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஆலோசகரும் விலகிவிடுவார். ஐந்தாறு பேர் வேலை பார்க்கிற அலுவலகத்தில் கடிதம் எழுதியது யார் என்று கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகாது.