நூல் பிடித்து ஒரு கேள்வி

கேள்வி: ‘நூல்’ என்று பார்த்தாலே தைக்கிற நூலா, படிக்கிற நூலா என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்குத் தச்சரும் கொத்தனாரும் வேறு ‘நூல், நூல்’ என்கிறார்கள். ஒரே சொல்லைப் பத்து வேலைக்கு இழுப்பது தமிழின் சொல்வறுமை அல்லவா? உங்கள் இதழிலாவது இனி ‘புத்தகம்’ என்றே எழுதி, எல்லாவற்றையும் நூல் பிடித்தாற்போல் ஒழுங்குபடுத்தக் கூடாதா?
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் கடைசி வரியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘நூல் பிடித்தாற்போல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை தயங்கவில்லை. படித்த எனக்கும் ஊசியோ புத்தகமோ நினைவுக்கு வரவில்லை. சுவரின் இரு மூலையிலும் ஆணி அடித்து, இடையே நூலை இழுத்துக் கட்டி, அதை ஒட்டிச் செங்கல் வைத்துக்கொண்டு போகும் கொத்தனார்தான் கண்முன் வந்தார். குழப்பம் எங்கே இருக்கிறது, ஐயா?

படிக்கிற நூலுக்கு ஏன் அந்தப் பெயர்? ஓலைகளைத் துளையிட்டு நூலில் கோத்துக் கட்டியதால் வந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கட்டுக்குச் சுவடி என்ற பெயர் தனியே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் தரும் விளக்கம் வேறு. சொல்தான் பஞ்சு. செய்யுள் அதில் திரிக்கும் இழை. புலவர்தான் நூற்கும் பெண். அவருடைய வாய்தான் நூற்கும் கை, மதி, அதாவது அறிவுதான், நூல் சுற்றும் கதிர். இப்படி நூற்று முடிவது நூல் என்கிறார். ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக’ என்று தொடங்கும் அந்த வெண்பாவில் ஓலையும் இல்லை, கட்டும் இல்லை. சிதறிக் கிடக்கும் பஞ்சை அறுபடாத ஒரே இழையாக்கும் வேலை மட்டுமே இருக்கிறது. எழுதிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சரியான உவமை என்று தெரியும்.

அந்த வரியில் வரும் ‘பனுவல்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். இன்று அதற்கும் புத்தகம் என்றே பொருள் சொல்கிறோம். புறநானூற்றின் 125ஆம் பாட்டிலோ ‘பருத்திப் பெண்டின் பனுவல்’ என்பது அவள் கையில் இருக்கும் பஞ்சு. ஆக, பஞ்சிலிருந்து ஏட்டுக்கு நடந்த சொல் ஒன்று இல்லை, இரண்டு. வறுமைக்கு நல்ல அடையாளம்!

பவணந்தியார் அத்தோடு விடவில்லை. அடுத்த வெண்பாவில் தச்சரின் பட்டறைக்கே போய்விடுகிறார். ‘மரத்தின் கனக்கோட்டந் தீர்க்கும்நூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டந் தீர்க்கும்நூல்’ என்கிறார். கோட்டம் என்றால் வளைவு. தச்சர் நூல் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். சாயத்தில் தோய்த்த நூலை மரத்தின் மேல் இரு முனையிலும் விறைப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் இரண்டு விரலால் தூக்கி, சுண்டி விடுவார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம். மரத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதுவரை நேராகத் தெரிந்த மரம் எங்கே வளைந்திருக்கிறது, எவ்வளவு சீவ வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு கோட்டில் அம்பலமாகிவிடும். படிக்கிற நூலுக்கும் அதே வேலையைத்தான் அவர் கொடுக்கிறார். நீங்கள் குறை சொல்லும் இரட்டைப் பொருள் இல்லாவிட்டால் இந்த வெண்பாவே இல்லை.

தச்சரின் இன்னொரு நூல் ஓர் அளவு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ‘நாலு நூல் கம்பி’ என்றால் அரை அங்குலக் கம்பி. இந்திக்காரர்களும் நூலைக் குறிக்கும் ‘சூத்’ என்ற சொல்லால்தான் இதே அளவைச் சொல்கிறார்கள். ஆலைக்காரர்களின் கணக்கு வேறு வகை: 840 கஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 33,600 கஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ‘நுண்ணிய நூல்பல கற்பினும்’ என்ற குறளை இதற்குப் பிறகு படித்தால் ‘நுண்ணிய’ என்ற சொல் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கிறது. எனக்கு அப்படித்தான்.

நூலாம்படை, நூலேணி, நூல் விட்டுப் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

வறுமை என்றால் அது நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. வடமொழியில் ‘சூத்திரம்’ முதலில் நூலிழை, பிறகுதான் இலக்கண விதி. ஆங்கிலத்தின் ‘டெக்ஸ்ட்’, ‘டெக்ஸ்டைல்’ இரண்டும் நெய்தலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள்.

இனி உங்கள் யோசனைக்கு வருவோம். ‘புத்தகம்’ என்ற சொல் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை, நாள்தோறும் எழுதுகிறேன். ஆனால் அது கையில் எடுக்கும் பொருளின் பெயர். நூல், எழுதப்பட்ட ஆக்கத்தின் பெயர். பதினெண்கீழ்க்கணக்கு பதினெட்டு நூல். பதினெட்டையும் ஒரே அட்டைக்குள் கட்டிவிட்டால் ஒரு புத்தகம். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டுச் சொல்வறுமை பற்றி நாம் பேசக் கூடாது. எனவே ‘நூல் மதிப்புரை’ என்ற பகுதியின் பெயர் மாறாது.

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. முன்பு ஒருமுறை ‘நூல் விலை கடும் உயர்வு’ என்று நாங்களே தலைப்பிட்டோம். செய்தி நெசவாளர்களைப் பற்றியது. படித்தவர்களில் சிலர், அடுத்த இதழிலிருந்து விலை ஏறுமா என்று கேட்டு எழுதினார்கள். ‘பருத்தி நூல்’ என்று இன்னும் ஒரு சொல் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். தலைப்பில் இடமும் இருந்தது.