ஒரு அடி ஆழத் தட்டில் ஸ்டீரியோ அடங்குமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஹாலில் சுவரோடு கட்டிய ஷோகேஸ். அதில் ஒரு தட்டைப் பாட்டுக்கென்று வீட்டில் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அகலம் 36 இன்ச், உயரம் 12, ஆழம் 12. முன்னால் தள்ளுகிற கண்ணாடி. அப்பா சேர்த்த சிடிக்கள் இருநூறு இருக்கின்றன; நான் ஃபோனில் கேட்பவன். டிவி சத்தமும் இதிலேயே வந்தால் நல்லது. என்ன வாங்கலாம்?"

ஆழத்தையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலானவர்கள் அகலத்தை மட்டும் சொல்லிவிட்டு "அடங்குமா சார்?" என்று கேட்பார்கள். சின்ன ஸ்டீரியோ வாங்குகிறவர்களை ஏமாற்றுவது எப்போதும் ஆழம்தான். நானும் ஒருமுறை ஏமாந்தேன். ஆம்ப்ளிஃபையரின் (ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் பெட்டி, சுருக்கமாக ஆம்ப்) அகலம், உயரம் எல்லாம் கச்சிதமாகப் பார்த்து வாங்கி வந்தேன். ஸ்பீக்கர் ஒயரைப் பின்னால் செருகியதும் பெட்டி தட்டை விட்டு இரண்டு இன்ச் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கம்பெனி போடும் ஆழக் கணக்கில் பின்பக்க ஒயர்கள் சேராது. பிளக், ஒயர் வளைவு எல்லாவற்றுக்கும் இரண்டு இன்ச் ஒதுக்குங்கள். உங்கள் கண்ணாடி ஓடும் இரட்டைத் தடம் ஒரு இன்ச்சாவது தின்னும். ஆக 12 இன்ச் என்று நீங்கள் சொல்லும் தட்டில் பெட்டிக்குக் கிடைப்பது 9 இன்ச், அதாவது 23 செ.மீ. கடைக்குப் போகும்போது இந்த எண் மட்டும் மனதில் இருந்தால் போதும்.

இதை வைத்துப் பார்த்தால் பல பெட்டிகள் தாமாகவே விலகிவிடும். முழு அளவு ஹைஃபை பெட்டிகள் 43 செ.மீ. அகலம். கண்ணாடியை ஒரு பக்கமாகத் தள்ளினால் திறப்பதே 18 இன்ச், அதாவது 46 செ.மீ. தான். திணித்தாலும் ஆழம் இடிக்கும். "மைக்ரோ" என்று விற்பவையும் பல நேரம் ஆழத்தில் மைக்ரோ அல்ல. டெனான் ஆர்சிடி-எம்41 நல்ல கருவி. சிடி, ரேடியோ, ப்ளூடூத், டிவி சத்தத்தை ஒளி ஒயரில் வாங்கும் ஆப்டிகல் இணைப்பு எல்லாம் ஒரே பெட்டியில். அகலம் 21 செ.மீ. தான், ஆனால் ஆழம் சுமார் 30. திறந்த மேசை மேல் என்றால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன், உங்கள் தட்டில் கண்ணாடி மூடாது. மூடியை மேலே தூக்கி சிடி போடும் மாடல்களுக்கு மேலேயும் இடம் வேண்டும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பீக்கர். உண்மையான சிக்கல் இங்கேதான். "புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்" என்று பெயர் இருப்பதால் புத்தக அலமாரிக்குள் வைக்கவே செய்தது என்று நினைக்கிறோம். இன்று அந்தப் பெயரில் வருபவற்றில் பல, தனி ஸ்டாண்டில், சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் செய்தவை. பின்பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். தாழ்ந்த சத்தத்தின் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது. அதைச் சுவரோடு ஒட்டி, மூன்று பக்கமும் அடைத்த தட்டில் வைத்தால் பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த சத்தம், வீங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த சத்தம் தரும் இடப்பக்கம்) விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்காமல், ஒரே "பூம்" ஆகி, பாடுகிறவர் குரலையும் மூடிவிடும். கடையில் அருமையாகக் கேட்டது வீட்டில் ஏன் இப்படி என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான். எனவே ஓட்டை முன்பக்கம் இருக்கும் ஸ்பீக்கரையோ, ஓட்டையே இல்லாத மூடிய பெட்டியையோ தேடுங்கள். பின் ஓட்டை உள்ளதுதான் கிடைத்தது என்றால் நுரைப்பஞ்சால் அடைத்துக் கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் அதற்கான பஞ்சையும் சேர்த்தே தருகின்றன.

சின்ன ஸ்பீக்கர் என்றால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பிபிசி, ஒலிபரப்பு வேனுக்குள் இடம் இல்லாத காரணத்தால் 1970களில் உருவாக்கியதுதான் எல்எஸ்3/5ஏ. மூடிய பெட்டி, உயரம் 12 இன்ச், அகலம் ஏழரை இன்ச். மனிதக் குரலுக்கு அதைத் தேடிப் பிடித்து வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அதிலும் அடிவயிற்றைக் கலக்கும் பேஸ் வராது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் பெரிய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். பெட்டி மேல் "2000 வாட் பிஎம்பிஓ" என்று விளம்பரத்துக்காக ஊதிய எண்ணைப் போட்டிருந்தாலும் இது மாறாது. ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஹாலுக்கு 20, 30 இருந்தாலே நிறைய.

சரி, உங்கள் தட்டு. இரண்டு ஓரத்திலும் ஸ்பீக்கர் வைத்தால் நடுவில் இரண்டரை அடி இடைவெளிதான். எட்டடி தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால் இடம் வலம் பிரிந்து கேட்காது. அதனால் என் முதல் யோசனை: ஆம்ப் தட்டுக்குள் இருக்கட்டும், ஸ்பீக்கர்கள் வெளியே வரட்டும். ஷோகேஸின் இருபுறச் சுவரிலும் பிராக்கெட் அடித்து, ஐந்தாறு அடி இடைவெளியில், ட்வீட்டர் (உச்ச சத்தம் தரும் சின்ன வட்டம்) உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வருமாறு மாட்டுங்கள். ஆம்புக்கு வீம் ஆம்ப் பொருந்தும்: நீள அகலம் இரண்டும் 19 செ.மீ., உயரம் 6.3, சானலுக்கு 60 வாட். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத க்ளாஸ் டி வகை என்பதால் அதிகம் சூடாகாது, இருந்தாலும் மேலே எதையும் அடுக்காதீர்கள். டிவி சத்தத்தை வாங்க எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு இருக்கிறது, ஃபோனுக்கு வைஃபையும் ப்ளூடூத்தும்.

சுவரில் ஓட்டை போட வீட்டில் ஒப்பவில்லையா? (பெரும்பாலும் ஒப்ப மாட்டார்கள்.) அப்படியானால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர். எடிஃபையர் ஆர்1280டிபி போன்றது: ஓட்டை முன்பக்கம், ஆப்டிகல், கோஆக்சியல் (ஒற்றை ஒயரில் வரும் டிஜிட்டல் இணைப்பு), ப்ளூடூத் மூன்றும் உண்டு. வால்யூம் திருகு மட்டும் வலது ஸ்பீக்கரின் பக்கவாட்டில் இருக்கும், தட்டுக்குள் வைத்தால் விரல் போகாது. ரிமோட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கேட்கும்போது இரண்டு கண்ணாடியையும் நடுவுக்குத் தள்ளினால் இரு ஓரத்திலும் ஒன்பது இன்ச் திறக்கும், ஸ்பீக்கர்களின் முகம் மறையாது. ஸ்பீக்கரைத் தட்டின் முன் விளிம்புவரை இழுத்து, அடியில் ரப்பரோ நுரையோ கொடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி கிடுகிடுக்கும். படுக்க வைக்காதீர்கள், உட்காரும் இடம் கொஞ்சம் மாறினாலே குரல் மாறிக் கேட்கும். பேஸுக்கென்றே தனியாக வரும் சப்வூஃபரை முதலிலேயே வாங்க வேண்டாம், கீழ் வீட்டுக்காரர் இருந்தால் எப்போதுமே வேண்டாம்.

சிடிக்கு? புது பிளேயர் வாங்குவதற்கு முன் பரணில் பழைய டிவிடி பிளேயர் இருக்கிறதா பாருங்கள். பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளை பின்கள் போதும், மஞ்சள் படத்துக்கானது. பலவற்றில் கோஆக்சியலும் இருக்கும், அது எடிஃபையரில் நேராகச் சேரும். ஆனால் இருநூறு சிடியை வரிசையாக நிறுத்தினாலே ஏழு அடி வரும், அவை இந்தத் தட்டில் அடங்காது. கம்ப்யூட்டரில் ஃபிளாக் கோப்புகளாக (தரம் குறையாமல் சுருக்கும் வகை) மாற்றினால் 70 ஜிபி அளவில் முடியும். ஒரு 128 ஜிபி பென்டிரைவ் வீம் ஆம்பின் பின்னால் நின்றுவிடும். அப்பாவுக்கு சிடி போட்டுக் கேட்பதுதான் பிடிக்கும் என்றால் அடிக்கடி கேட்கும் இருபதை மட்டும் தட்டில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன் கருவியின் அளவில், பின்னால் இரண்டு இன்ச் சேர்த்து, பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டித் தட்டில் வைத்துக் கண்ணாடியைத் தள்ளிப் பாருங்கள். அப்புறம் டிவியை ஆப்டிகலில் இணைத்துச் சத்தமே வராவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். டிவியின் ஆடியோ அவுட்புட் "டால்பி"யில் இருக்கும், செட்டிங்கில் அதை "பிசிஎம்" (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றினால் வந்துவிடும்.