செப்டிக் ஷாக்கில் எக்மோ எப்போது உதவும்? ஐசியு டாக்டரிடம் கேள்வி பதில்

காசிமேட்டிலிருந்து ஒருவர்: அண்ணனுக்கு மீன் முள் குத்தி கை வீங்கியது. இப்போது ஐசியுவில், செப்டிக் ஷாக் என்கிறார்கள். எக்மோ போட்டால் பிழைப்பாரா டாக்டர்?

எக்மோ என்பது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றி உடம்புக்குத் திருப்பி அனுப்பும் மெஷின். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா, இதயம் எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

செப்டிக் ஷாக் என்றால் தொற்று முற்றி பிபி ஆபத்தாக விழும் நிலை. அதில் பெரும்பாலோருக்கு இதயம் நன்றாகவே அடிக்கும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுவதால்தான் பிபி விழுகிறது. பைப் தொளதொளவென்று ஆகிவிட்டால் பக்கத்தில் இன்னொரு மோட்டார் வைத்து என்ன பயன்? எக்மோ அந்த இன்னொரு மோட்டார்தான், குழாயை அது இறுக்காது. அதற்கு நார்அட்ரினலின், வாசோபிரசின் மருந்துகள் ஓடும்.

சிலருக்கு மட்டும் இந்தத் தொற்றில் இதயமே சோர்ந்துபோகும். அங்கேதான் எக்மோவுக்கு வேலை. 2020இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதயம் மிகவும் தளர்ந்துபோன 82 பேருக்கு எக்மோ போட்டதில், 90 நாள் கழித்து 60 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். எக்மோ போடாதவர்களில் 25 சதவீதம்தான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை, அதனால் இதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருகிற எண்கள்.

அப்புறம், மீன் முள் குத்தியது என்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? இன்றே சொல்லுங்கள். கடல் தண்ணீர்க் கிருமி என்றால் ஆன்டிபயாடிக்கே மாறும். கையில் சீழோ அழுகிய சதையோ இருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு எந்த மெஷின் வைத்தாலும் நிற்காது.

ராயபுரம்: வென்டிலேட்டரும் எக்மோவும் ஒன்றுதானே?

இல்லை. வென்டிலேட்டர் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும். எக்மோ ரத்தத்தையே வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கித் திருப்பி அனுப்பும். நுரையீரலுக்கு மட்டும் துணை என்றால் சிரையில் எடுத்துச் சிரையிலேயே விடுவோம். இதயத்துக்கும் துணை வேண்டுமென்றால் தமனியில் விடுவோம்.

வியாசர்பாடி: அம்மாவுக்கு 74 வயது. சுகர், கிட்னி பிரச்சினை. எக்மோ வேண்டாம் என்கிறார்கள். எங்களிடம் பணம் இல்லை என்று ஒதுக்குகிறார்களோ?

அப்படி நினைத்து மனசை வருத்திக்கொள்ளாதீர்கள் அக்கா. எக்மோ ஓடும்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுப்போம். செப்சிஸில் (தொற்றால் உடம்பின் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) ஏற்கெனவே ரத்தம் உறைவது கெட்டிருக்கும், மூளையில் கசிவு வரலாம். தொடையில் போட்ட குழாயால் காலுக்கு ரத்த ஓட்டம் குறையலாம். வயதும் கிட்னியும் சேர்ந்தால் நன்மையைவிட ஆபத்து கூடிவிடும். 'எக்கோவில் இதயம் எப்படி, எதனால் வேண்டாம்' என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. தாலியை அடகு வைக்கும் முன் அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

திருவொற்றியூர்: எஸ்.பி.பி.க்கும் எக்மோ போட்டார்கள், காப்பாற்ற முடியவில்லையே?

அவருக்குக் கொரோனாவில் நுரையீரல் பாதிப்பு, இது வேறு. எக்மோ நோயைக் குணப்படுத்தாது. உறுப்பு தேறி வரும்வரை அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான்.

எண்ணூர்: வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

காய்ச்சலோ புண்ணோ இருப்பவர் திடீரென்று உளறினால், வேகமாக மூச்சு வாங்கினால், கைகால் சில்லிட்டால், சிறுநீர் குறைந்தால் உடனே 108. ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.